மனுவில் மூளையையும் எழுதுங்கள்

எண்ணூர் முதல் இராயபுரம் வரையுள்ள மீனவ ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும், குடியிருப்போர் நலச் சங்கத்தாருக்கும், மகளிர் சுயஉதவிக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய ஊர்ப் பெரியவர்களே, சங்கத் தோழர்களே, குழுச் சகோதரிகளே,

கரித்தூளுக்கும் சாம்பலுக்கும் கேஸ் வாடைக்கும் எதிராக நீங்கள் எழுதும் மனுக்களில் மூச்சுத்திணறல் இருக்கும். கண் எரிச்சலும் தோல் அரிப்பும் இருக்கும். செத்து மிதந்த மீனும் எண்ணெய் படிந்த வலையும் இருக்கும். அத்தனையும் உண்மை. ஆனால் ஓர் உறுப்பு மட்டும் அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. அது மூளை. அடுத்த மனுவில் அதையும் சேருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். ஏன் சேர்க்க வேண்டும், எவ்வளவு சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதையும் விளக்கிவிடுகிறேன்.

2023 டிசம்பர் மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாயிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவியது. அது விலகுவதற்குள், 26ஆம் தேதி நள்ளிரவில், உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். தொழிற்சாலை அருகே காற்றில் கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பதிவு செய்தது, வரம்பு 400. அந்த இரவு எல்லாருடைய கண்ணிலும் தொண்டையிலும் எரிந்தது. அதனால் செய்தியானது, விசாரணை வந்தது, பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது.

நான் பேச விரும்புவது எரியாத தீங்கைப் பற்றி. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் அன்றாடம் உள்ளே போகிறது. அது நுரையீரலோடு நின்றுவிடுகிறது என்றுதான் மருத்துவ உலகமே வெகுகாலம் நம்பியிருந்தது. அப்படி நிற்பதில்லை என்று கடந்த இருபது ஆண்டு ஆராய்ச்சி சொல்கிறது. துகளை எதிர்த்து உடம்பு எழுப்பும் அழற்சியின் செய்தி மூளைவரை போகிறது. அந்தச் செய்தியை எடுத்துச் செல்பவை நம் உடம்பே தயாரிக்கும் சின்னஞ்சிறு புரதங்கள். சைட்டோகைன் என்பது அவற்றுக்குப் பொதுப் பெயர்.

காய்ச்சல் கண்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். சாப்பாடு இறங்காது, பேசப் பிடிக்காது, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அது சோம்பல் இல்லை. உடம்பில் கிருமி நுழைந்ததும் நோய் எதிர்ப்புச் செல்கள் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். போன்ற புரதங்களை இரத்தத்தில் விடுகின்றன. ஆழ்கடலில் கிடக்கும் விசைப்படகுகளுக்குக் கரையிலிருந்து வயர்லெஸ்ஸில் புயல் செய்தி போவதைப் போல, ஒரு மூலையில் நடப்பதை உடல் முழுவதற்கும் இவை தெரிவிக்கின்றன. மூளை அதைக் கேட்டு வெப்பத்தைக் கூட்டுகிறது, பசியைக் குறைக்கிறது, படுக்கச் சொல்கிறது. ஆற்றலையெல்லாம் நோயோடு போராடச் சேமிக்கும் ஏற்பாடு இது.

மூளைக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களின் சுவர் மிக இறுக்கமானது. கண்டதை உள்ளே விடாது. ஆனாலும் சைட்டோகைன் செய்திக்குப் பல வழிகள் உண்டு. குடலையும் நுரையீரலையும் மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு ஒரு வழி. அந்தக் குழாய்ச் சுவரின் செல்களே செய்தியை வாங்கி உள்ளே மறுபடி சொல்வது இன்னொரு வழி. உள்ளே அதைக் கேட்பவை மைக்ரோக்ளியா என்ற செல்கள். ஸ்பெயின் நாட்டின் பியோ டெல் ரியோ ஒர்த்தேகா 1919இல் இவற்றை அடையாளம் காட்டினார். மூளைக்குள்ளேயே குடியிருக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் இவை. குப்பை அகற்றுவதும், தேவையற்ற நரம்பு இணைப்புகளைக் கத்தரிப்பதும், காயம்பட்ட இடத்துக்கு விரைவதும் இவற்றின் வேலை.

இந்தப் புரதங்களை எதிரியாக நினைத்துவிடாதீர்கள். நலமான மூளைக்கும் இவை வேண்டும். நரம்பு இணைப்புகளின் வலுவை ஏற்றியிறக்கிச் சமநிலையில் வைக்க டி.என்.எஃப். சிறிதளவு உதவுகிறது என்று எலிகளில் கண்டிருக்கிறார்கள். கிருமியோடு போராடும் இன்டர்ஃபெரான்-காமா இல்லாத எலிகள் மற்ற எலிகளோடு பழகுவதில் நாட்டமிழந்ததாக 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஜோனதன் கிப்னிஸ் குழுவினர் காட்டினார்கள். நோயை விரட்டும் புரதத்துக்கு நட்பிலும் பங்கிருக்கிறது. அளவோடு வந்து, வேலை முடிந்ததும் அடங்கினால் இவை மூளையைக் காக்கின்றன. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அடங்காமல் இருந்தால் கெடுக்கின்றன.

அடங்காதபோது என்ன ஆகும் என்பதற்கு மனிதர்களிடமே சான்று உண்டு. ஹெபடைடிஸ்-சி நோயாளிகளுக்கு முன்பெல்லாம் இன்டர்ஃபெரான்-ஆல்ஃபாவை ஊசியாக மாதக்கணக்கில் போட்டார்கள். மனநோய் வரலாறே இல்லாத பலருக்கும் அந்தச் சிகிச்சையின்போது மனச்சோர்வு வந்தது. தூக்கம் போனது, எதிலும் ஆசை இல்லாமல் போனது. சைட்டோகைன் ஒன்றே மனத்தைச் சாய்க்க முடியும் என்று அப்போதுதான் மருத்துவர்கள் கண்கூடாகப் பார்த்தார்கள். "மனசு விட்டுப்போச்சு" என்று நம் வீடுகளில் சொல்லும் நிலைக்குக் கவலையும் கடனும் காரணமாக இருக்கலாம். உடம்பில் அடங்காத அழற்சியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி நம் காற்றுக்கு வருகிறேன். அனல்மின் நிலையத்துப் புகை, காய்ந்த சாம்பல் குளத்தின் மேல் காற்றடிக்கும்போது பறக்கும் தூள், எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை ஆகிய மூன்றிலும் பி.எம். 2.5 என்ற நுண்துகள் உண்டு. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. நுரையீரலின் அடியாழத்துக் காற்றறை வரை போகும். அங்கே காவலிருக்கும் செல்கள் அதைக் கிருமி என்றே எண்ணி விழுங்கும். செரிக்க முடியாமல் இன்டர்லூக்கின்-6 முதலானவற்றை விடும். கிருமி என்றால் சில நாளில் செத்துவிடும், செய்தியும் ஓய்ந்துவிடும். துகளோ மறுநாள் காலையும் வருகிறது. அதனால் எச்சரிக்கை ஓய்வதே இல்லை.

மெக்சிகோ நகரத்தில் லிலியன் கால்தெரோன்-கார்சிதுவெஞாஸ் என்ற மருத்துவர் முதலில் தெருநாய்களின் மூளையைச் சோதித்தார். பிறகு 2008இல், திடீரென இறந்துபோன சிறுவர்கள், இளைஞர்கள் மூளைகளில் அழற்சியின் அடையாளங்களைக் கண்டு எழுதினார். மாசு குறைந்த ஊர்களில் வாழ்ந்தவர்களைவிட அந்நகரத்தாரிடம் அவை கூடுதலாக இருந்தன. மூக்கின் நுகர்ச்சி நரம்பு வழியாக மிக நுண்ணிய துகள் நேரே மூளைக்குப் போவதை எலிகளில் 2004இல் காட்டினார்கள். இப்படிச் சான்றுகள் சேர்ந்து, 2020இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மறதிநோய்க்கான தடுக்கக்கூடிய காரணங்களின் பட்டியலில் காற்று மாசைச் சேர்த்தது. 2024இல் அந்தப் பட்டியல் 14 காரணங்களாக விரிந்தது. அத்தனையையும் களைந்தால் மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது ஆணையம். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் என்பது அண்மைக்கால மதிப்பீடு. வீட்டுக்கு வழி தெரியாமல் பாட்டி நிற்பதை "வயசாகிடுச்சு" என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள்.

சென்னைக்கே உரிய சான்றும் இருக்கிறது. சென்னையிலும் தில்லியிலும் 12,000க்கும் மேற்பட்டவர்களை 2010 முதல் 2017 வரை பின்தொடர்ந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. ஆண்டுச் சராசரி பி.எம். 2.5 ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 22 விழுக்காடு கூடியதாக அது சொன்னது. மூளையைப் பற்றிப் பேசும்போது சர்க்கரை எதற்கு என்று கேட்பீர்கள். சர்க்கரை நோயும் ஓயாத அழற்சியோடு கைகோத்து வருவது. மூளையின் நுண்குழாய்களை அது பழுதாக்குகிறது. பக்கவாதத்துக்கும் மறதிக்கும் வழி திறக்கிறது. இந்தியாவின் முதல் சர்க்கரை நோய்ப் பிரிவை மருத்துவர் எம். விஸ்வநாதன் 1948இல் தொடங்கியது நம் ஸ்டான்லி மருத்துவமனையில்தான். அந்த நோயைத் தனியே கவனிக்க வேண்டும் என்று நாட்டுக்கே வழிகாட்டிய வடசென்னை, அதைக் காற்றோடு சேர்த்துக் கேட்கவும் முன்வரலாம்.

எந்தக் காற்று சுத்தமான காற்று? உலக சுகாதார நிறுவனம் 2021இல் பி.எம். 2.5க்கு அறிவுறுத்திய ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பது 40. "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று அதிகாரி சொன்னால் எந்த வரம்பு என்று கேளுங்கள். நமது சட்ட வரம்பு அந்த அறிவுரையைப் போல் எட்டு மடங்கு.

இனி தாய்மாரைப் பற்றி. இதைக் கவனமாகப் படியுங்கள்; பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கருவுற்ற எலிக்குத் தொற்று வந்ததுபோல் செய்தால், பிறக்கும் குட்டிகளின் பழக்கவழக்கத்தில் மாற்றம் தெரிகிறது. 2007இல் கலிஃபோர்னியாவில் பால் பேட்டர்சன் குழுவினர் இன்டர்லூக்கின்-6ஐத் தடுத்தபோது அந்த மாற்றம் பெரிதும் தவிர்ந்தது. கிருமியே இல்லாமல் அந்தப் புரதத்தை மட்டும் ஒருமுறை செலுத்தியபோதும் குட்டிகளில் மாற்றம் வந்தது. 2016இல் குளோரியா சோய், ஜுன் ஹூ குழுவினர் இன்டர்லூக்கின்-17க்கும் அதில் பங்கிருப்பதைக் கண்டார்கள். தாயின் உடம்பில் எழும் செய்தி கருவின் மூளைக்கும் கேட்கிறது என்பது இதன் பொருள். எலியில் கண்டதை அப்படியே மனிதர்க்குப் பொருத்த முடியாது. காய்ச்சல் வந்த ஆயிரமாயிரம் தாய்மார் நலமான பிள்ளைகளைப் பெற்றிருக்கிறார்கள். வளர்ச்சியில் பின்தங்கிய ஒரு குழந்தையின் தாயைப் பார்த்து "நீ அப்போ என்ன செஞ்சே?" என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. கேட்க வேண்டிய கேள்வி, அவள் சுவாசித்த காற்றுக்கு யார் பொறுப்பு என்பது.

தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 1,285 பேரை நகரத்திலும் கிராமங்களிலும் கவனித்த ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்து ஆய்வு 2018இல் வந்தது. பி.எம். 2.5 ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் பிறப்பெடை 4 கிராம் குறைந்ததாகவும், எடை குறைந்த பிறப்புகள் 2 விழுக்காடு கூடியதாகவும் அது கணக்கிட்டது. ஒரு குழந்தைக்கு 4 கிராம் பெரிதில்லை. ஊர் முழுக்க, ஆண்டு முழுக்கப் பிறக்கும் குழந்தைகள் அத்தனைக்கும் அது நடந்தால் பெரிது. இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகள் பிறக்கிறார்கள். அங்குள்ள பிரசவப் பதிவுகளைக் காற்றளவுக் கருவிகளின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி அரசைக் கேட்பது நியாயமான கோரிக்கை.

அழற்சியை அடக்குவது உயிரையே காக்கும் என்பதற்குக் காசநோய் சாட்சி. நெருக்கமான வீடுகள் உள்ள நம் பகுதிக்குக் காசநோய் புதிதல்ல. அது சிலருக்கு மூளை உறையில் இறங்கும். அப்போது கிருமி செய்யும் கேட்டோடு, கிருமியை எதிர்த்து உடம்பு எழுப்பும் அழற்சியின் கேடும் சேர்ந்துகொள்ளும். இறுக்கமான மண்டையோட்டுக்குள் வீக்கத்துக்கு இடமில்லை. வியட்நாமில் 545 நோயாளிகளிடம் நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வில், காசநோய் மருந்தோடு அழற்சியை அடக்கும் டெக்ஸாமெத்தசோனும் பெற்றவர்களில் 32 விழுக்காட்டினர் இறந்தார்கள். பெறாதவர்களில் 41 விழுக்காட்டினர். மூளைக் காசநோய்ச் சிகிச்சையில் இன்று அது வழக்கமான மருந்து. நாள்கணக்கில் விடாத தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு, தடுமாறும் பேச்சு இவை சேர்ந்து வந்தால் தெருமுனை மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் காத்திருக்காமல் உடனே ஸ்டான்லிக்குக் கொண்டுபோங்கள்.

எச்சரிக்கை இரண்டு. "எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்" என்று விற்கப்படும் பொடிகளையும் பானங்களையும் நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். கூட்டிக்கொண்டே போவதில் நன்மை இல்லை. அடங்காத எதிர்ப்பே நோய் என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன். இரண்டாவது, நம் ஊரில் வரும் ஒவ்வொரு மறதியும் ஒவ்வொரு குழந்தையின் பின்னடைவும் புகையால்தான் என்று எழுதாதீர்கள். பரம்பரை, உணவு, இரத்த அழுத்தம், மது, தலையில் பட்ட அடி எனப் பல காரணங்கள் உண்டு. ஒரு தனி ஆளின் நோய்க்குக் காற்றுதான் காரணம் என்று நிறுவுவது கடினம். ஓர் ஊரின் நோய்ச்சுமையைக் காற்று கூட்டுகிறது என்று காட்டுவதற்கு அறிவியல் துணைநிற்கும். மனு எந்த இடத்தில் வலுவாக நிற்குமோ அங்கே அதை நிறுத்துங்கள்.

மனுவால் என்ன ஆகும் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு நிலக்கரிக் கதையை நினைவூட்டுகிறேன். சென்னைத் துறைமுகத்தில் குவித்த நிலக்கரியும் இரும்புத் தாதும் இராயபுரத்து மாடிகளில் கறுப்பாகப் படிந்த காலம் உண்டு. வழக்கு நடந்தது, உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபரோடு அங்கே அவற்றைக் கையாள்வது நின்றது. அது வெற்றி. ஆனால் நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு நகர்ந்தது. இராயபுரம் மூச்சுவிட்டது, எண்ணூர் இருமியது. ஊர் ஊராகப் போராடினால் தூசி ஊர் மாறும். அதனால்தான் இந்த மடலை உங்கள் அனைவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் கேட்டுக்கொள்பவை இவை.

முதலாவதாக, எண்ணூர் அனல்மின் நிலையத்தின் 660 மெகாவாட் விரிவாக்கம் போன்ற திட்டங்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும்போது, சுற்றுச்சூழல் அறிக்கையில் மூளை, நரம்பு, மனநலம் பற்றிய பக்கம் எங்கே என்று கேளுங்கள். புகைபோக்கியிலிருந்து வரும் கந்தக டைஆக்சைடும் காற்றில் நுண்துகளாக மாறுகிறது. அதைக் கட்டுப்படுத்தும் விதி 2015 டிசம்பரிலேயே வந்தது; கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. நம் பகுதியின் ஒவ்வொரு நிலையத்துக்கும் இப்போதைய கெடு என்ன என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இரண்டாவதாக, நம் பகுதியில் நடக்கும் மருத்துவ முகாம்களில் நுரையீரல் சோதனையோடு முதியோருக்கு நினைவாற்றல் சோதனையும், பிள்ளைகளுக்கு வளர்ச்சிச் சோதனையும், எல்லாருக்கும் மனச்சோர்வுக் கேள்விகளும் வேண்டும் என்று கேளுங்கள். புதிய திட்டம் தேவையில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் 2021 முதல் வீடுதேடி வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் அதே திண்ணையில் நினைவாற்றலையும் பார்த்துவிடலாம். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் குழந்தைகளைச் சோதிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு.

மூன்றாவதாக, மனு பலன் தரும்வரை வீட்டளவில் செய்ய முடிந்ததைச் செய்யுங்கள். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வையுங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்; தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். சாம்பல் பறக்கும் நாளில் துணியைக் கட்டிக்கொள்வது போதாது, என்-95 முகக்கவசம் வேண்டும். மனம் சாய்ந்திருப்பவருக்கு 14416 என்ற டெலிமானஸ் எண்ணைக் கொடுங்கள்; கட்டணமில்லை, தமிழில் பேசுவார்கள். ஆனால் முகக்கவசமும் மாத்திரையும் நம் கடமை என்று சொல்லி, காற்றைச் சுத்தமாக வைக்கும் கடமையிலிருந்து யாரும் நழுவ இடம் கொடுக்காதீர்கள்.

அடுத்த மனுவில் இந்தப் பத்தியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"எங்கள் பகுதியின் காற்று மாசு நுரையீரலை மட்டும் பாதிப்பதாகக் கருத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். நீடித்த அழற்சியின் வழியாக நுண்துகள் மூளையையும் பாதிக்கக்கூடும் என்பதற்குப் போதிய அறிவியல் சான்று உள்ளது. எனவே எண்ணூர், கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, இராயபுரம் மக்களின் நினைவாற்றல், மனநலம், குழந்தைகளின் வளர்ச்சி ஆகியவற்றைக் காற்றின் அளவீடுகளோடு சேர்த்து அரசே கணக்கெடுத்து, முடிவுகளை ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு வரும்வரை இப்பகுதியில் மாசைக் கூட்டும் எந்தப் புதிய திட்டத்துக்கும் அனுமதி தரக் கூடாது."

கீழே எல்லா ஊர்களும் ஒன்றாகக் கையெழுத்திடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு இதே காற்றைச் சுவாசிக்கும் ஒருவர்